பின்னாடி ஏத்திக்கலாம்

பதினாறா, முப்பத்திரண்டா என்பதை இன்றைக்குள் முடிவு செய்தாக வேண்டும். முடிவு செய்ய வேண்டிய தில்லைநாயகமோ கடைக்குள் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே மேசைமேல் திறந்து வைத்திருந்த இரண்டு லேப்டாப்புகளையும் மாறி மாறி முறைத்துக்கொண்டிருந்தார். ஏசி நேராக அவருடைய வழுக்கையில் அடித்தது. விற்பனைப் பெண், சட்டையில் பெயர் குத்தியிருந்ததால் ஷர்மிளா என்று தெரிந்தது, ஆரம்பத்திலேயே ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எத்தனை வருஷம் வர்ற மாதிரி பாக்கறீங்க சார்?" அந்தக் கேள்வி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. இத்தனை காலத்தில் எந்தக் கடையிலும் யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அவர்தான் மிக்ஸி விற்கிறவனிடமும் செருப்பு விற்கிறவனிடமும் விடாமல் கேட்டுக் கேட்டு எல்லார் முகத்தையும் சுளிக்க வைத்திருக்கிறார். "பத்து வருஷம்மா," என்று நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார். பக்கத்தில் நின்ற மகள் சம்யுக்தா, இந்த லேப்டாப் யாருக்காகவோ அந்தச் சம்யுக்தா, "அவ்ளோ நாள் எதுக்குப்பா" என்றாள். சத்தமே இல்லாமல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, போன் வருகிறது என்று கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். போன் அடித்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை.

அதை அவர் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அல்லது எடுத்துக்கொள்ளவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், ஏனென்றால் இடது பக்கத்து லேப்டாப் அவரை வேறு விதமாகப் படுத்திக்கொண்டிருந்தது. பார்க்க அழகு. பரீட்சை அட்டை கனம்கூட இல்லை, ஒரு கையால் தூக்கலாம், சம்யு தூக்கிப் பார்த்தபோது அவள் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம்கூட வந்து போனது. ஆனால் ராம், அதாவது மெமரி, பதினாறு ஜிபிதான், அதுவும் போர்டோடு ஒட்டி வருகிறதாம், வாங்கிய அன்றைக்கு என்ன இருக்கிறதோ சாகிறவரைக்கும் அதுதானாம். இது என்ன அநியாயம், நன்றாகப் படித்த கம்பெனிக்காரன், நாளைக்கு இவளுக்கு இன்னும் கொஞ்சம் தேவைப்படலாம் என்று யோசிக்கமாட்டானா? வலது பக்கத்தது தடியன். கறுப்பு நிறம், அம்மிக் குழவி கனம், விசிறி ஓடுகிற சத்தம் மூன்றாவது மேசைக்குக் கேட்கிறது. ஆனால் அதன் வயிற்றுக்குள் இன்னொரு ராம் செருக ஒரு ஸ்லாட் காலியாக இருக்கிறது. இதற்கிடையில் பிராசஸர் வேறு, ஐ-ஃபைவில் புதிய தலைமுறை ஐ-செவனில் பழைய தலைமுறையைவிட மேல் என்கிறார்கள், அப்படியென்றால் ஏழு எதற்கு ஏழு? ஒரு மாதமாக யூடியூபில் பையன்கள் அவருக்குப் பாடம் நடத்தியிருந்தார்கள். ஒருவன் 'இதை மட்டும் வாங்கிடாதீங்க' என்று கும்பிடுகிறான், அடுத்தவன் அதையே கையில் வைத்துக்கொண்டு 'கண்ணை மூடிட்டு வாங்குங்க' என்கிறான், இரண்டு பேர் வீட்டுப் பின்னணியிலும் ஒரே ஊதா விளக்கு எரிகிறது. சம்யு சேரப்போகிற கல்லூரியின் சீனியர்கள் குழுவில் முப்பத்திரண்டு இல்லாவிட்டால் மூன்றாம் வருஷம் அழுவீர்கள் என்று எவனோ எழுதியிருந்தான். அழுவீர்கள். அந்தச் சொல் மண்டைக்குள் எங்கேயோ மாட்டிக்கொண்டது, இழுத்தால் வேறெதுவோ சேர்ந்து வரும் போலிருந்தது, அவர் இழுக்காமல் விட்டுவிட்டு ஷர்மிளாவைக் கூப்பிட்டார்.

"அந்த ஸ்லாட்டைப் பாக்க முடியுமாம்மா?"

"பிரிச்சுல்லாம் காட்ட முடியாது சார். படம் வேணா காட்டறேன்." அவள் தன் போனில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். பச்சை அட்டையில் ஒரு நீளமான பள்ளம், அதற்குள் பொன்னிறப் பல்வரிசை, ஒன்றுமே இல்லாமல். "இப்போதைக்குப் பதினாறோட எடுத்துக்குங்க. வேணும்னா பின்னாடி ஏத்திக்கலாம் சார்."

பின்னாடி ஏத்திக்கலாம். ஆகா, என்ன சொல் அது. தில்லைநாயகத்துக்குக் குளிரையும் மீறி உடம்பில் ஒரு இதம் பரவியது. அந்தச் சொல்லை நம்பித்தான் அவர் ஆளாகி, வேலைக்குப் போய், கல்யாணம் பண்ணி, உய்யக்கொண்டான் வாய்க்கால் பக்கம் மனை வாங்கி வீடும் கட்டினார். கட்டும்போது மேஸ்திரி கேட்டார், தூணோடு கம்பியை அறுத்துவிடட்டுமா, விடட்டுமா என்று. "விடுங்க, விடுங்க, பின்னாடி மேல ஏத்திக்கலாம்." அன்றைக்கு மொட்டைமாடியில் இடுப்புயரத்துக்குக் கம்பிகளை விட்டதோடு சரி, அவை இன்றைக்கும் அப்படியே வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அந்தத் தெருவில் எல்லார் வீட்டு மாடியிலும் கம்பி நிற்கிறது, அதனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. யார் கண்ணிலும் குத்திவிடக் கூடாது என்று ஒவ்வொரு கம்பித் தலையிலும் அவர் காலித் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தார். பாட்டில்கள் வெயிலில் உடைந்தன, புதிது கவிழ்த்தார், அவையும் உடைந்தன. கம்பிகளுக்குக் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டு அவர் மனைவி பூங்கோதையின் புடவைகளில் பாதி துருக்கறை. மழை வந்தால் அவள் கீழேயிருந்து கத்துவாள், "ஏங்க, உங்க மேல்மாடில சேலை கெடக்குது, எடுத்துட்டு வாங்க!" பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் கேட்கும்படியாகத்தான் கத்துவாள். அவரும் கோபப்படாமல் போய் எடுத்து வருவார், ஏனென்றால் மேல்மாடி வரத்தான் போகிறது. அதை யார் கட்டப்போகிறார்கள் என்பதும் முடிவாகிவிட்டது. சம்யுவுக்கு எட்டு வயதில், பள்ளிக்கூட நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு வீடு வரைந்தாள், மேலே ஒரே அறை, அறைக்குள் ஊஞ்சல் மட்டும். "எம்பொண்ணு ஆர்க்கிடெக்ட்டு, மேல்மாடிய அவதான் கட்டுவா" என்று அன்று சாயங்காலம் வந்த விருந்தாளியிடம் சொன்னார். விளையாட்டாகத்தான் சொன்னார். அப்புறம் அடுத்து வந்தவர்களிடமும் சொன்னார். சொல்லிச் சொல்லி அது எப்போது உண்மையாயிற்று என்று அவருக்கே தெரியாது, ஆனால் ஆகிவிட்டது, மதிப்பெண் வந்துவிட்டது, கோயம்புத்தூரில் இடம் கிடைத்துவிட்டது, ஐந்து வருஷப் படிப்பு, விடுதி, வருகிற திங்கட்கிழமை காலையில் வகுப்பு ஆரம்பம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது, இன்று காலை பஸ்ஸில் அவள் அந்தக் கேள்வியைக் கேட்கிறவரைக்கும்.

ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டேதான் கேட்டாள். "நான் போகலைன்னா என்னப்பா ஆகும்?" அவருக்குக் காது நன்றாகவே கேட்டது. இருந்தாலும் அவர் சொன்ன பதில், "சீக்கிரம் போயிட்டோம்னா கடைல கூட்டம் இருக்காது." அதற்கப்புறம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கண்டக்டர் மட்டும் பேசினார். நான் போகலைன்னா. எங்கே போகலைன்னா? கடைக்குப் போகலைன்னா என்றுகூட இருக்கலாம் இல்லையா? இருக்கலாம், ஏன் இருக்கக் கூடாது? மத்தியானத்துக்கு வீட்டுக்குச் சாப்பிடப் போகலைன்னா. சே. நடுமண்டையில் அடித்தமாதிரி அவருக்குத் தெரியும் எங்கே என்று. போன மாதமே பூங்கோதை ஜாடையாகச் சொன்னாள், இவளுக்கு உள்ளூர்க் கல்லூரியில் பாட்டனி படிக்க ஆசையாம், மூன்று வருஷம் இங்கேயே இருந்து படிக்கிறாளாம், அதற்கப்புறம் என்ன என்று அப்புறம் பார்த்துக்கொள்கிறாளாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா! அவருக்கு வந்த கோபத்தில் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்துவிட்டார். ஒரு பெண், இவ்வளவு மூளை உள்ள பெண், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாழ்க்கையை வைப்பதா? பின்னாடி வேறு, அப்புறம் வேறு. பின்னாடி என்றால் திட்டம் இருக்கிறது, கம்பி விட்டிருக்கிறது. அப்புறம் என்றால் ஒன்றுமில்லை, காற்று. இந்த வித்தியாசத்தை அவர் அன்றைக்கு யாருக்கும் விளக்கவில்லை, இப்போது ஷர்மிளாவுக்கு விளக்கலாம் போலிருந்தது. அவள் வேறொரு தம்பதிக்குப் பிரிண்டர் காட்டிக்கொண்டிருந்தாள்.

சரி, பேட்டரி. பேட்டரியைப் பற்றி யோசிப்போம். பேட்டரியில்தான் எல்லாக் கம்பெனியும் மனுஷனை மடக்குகிறது, உபயோகித்தாலும் தேய்கிறது, சும்மா வைத்தாலும் தேய்கிறது. பத்து வருஷத்துக்கு முப்பத்திரண்டு ராம் போட்டு என்ன, நாலாம் வருஷம் பேட்டரி உப்பிக்கொண்டால்? மாற்றலாம். கிடைத்தால் மாற்றலாம். திரையில் கோடு விழுந்தால்? விசிறியில் தூசி போனால்? பத்து வருஷம் வரைக்கும் எதையாவது கொண்டுபோவது என்றால் அது எத்தனை வழியில் கெட்டுப்போகலாம் என்று பத்து வருஷத்தையும் இப்போதே பயந்து முடித்தாக வேண்டியிருக்கிறது, யார் கண்டுபிடித்த தலைவலி இது? அவருடைய அப்பாவுக்கு இந்தத் தலைவலியெல்லாம் கிடையாது. அப்பா எதையும் யோசிக்காமல் ஒரே விதியில் வாங்குவார், வளர்ற பிள்ளை. தீபாவளிக்குத் தீபாவளி டெய்லர் கடையில் நிற்க வைத்து அளவெடுக்கும்போது அப்பா சொல்லுவார், கூட நாலு விரக்கடை விட்டு வெட்டு, உள்ளே மடித்துத் தை, பின்னாடி பிரித்து விட்டுக்கொள்ளலாம். அப்படித்தான் தில்லைநாயகம் முழங்காலுக்குக் கீழே தொங்குகிற டிரவுசரோடும் உள்ளங்கையை மூடுகிற சட்டையோடும் பள்ளிக்கூடம் போனார். வருஷம் ஓடி, துணி வெளுத்து, ஒருநாள் அம்மா பிளேடால் மடிப்பைப் பிரித்து விடுவாள். அப்போது தெரியும் சேதி. மொத்த டிரவுசரும் வெளிறிக் கிடக்க, கீழே மட்டும் மடிப்புக்குள் இருந்த பட்டை புத்தம் புதிதாக, கரும்பச்சையாக, ஊருக்கே தெரிகிற மாதிரி ஓடும். பையன்கள் அதை எண்ணுவார்கள். "டேய் தில்ல, ரெண்டாம் மாடியாடா?" ஒரு வருஷமாவது ஒரு சட்டை உடம்புக்குச் சரியாக இருந்ததா என்று யோசித்தார். இருந்தது. ஒவ்வொரு சட்டையும் ஒரு பருவம் சரியாக இருந்தது, அந்தப் பருவத்தில் அது அக்குளில் கிழிந்திருந்தது. டெய்லர் கடையில் அப்பா மோவாயைப் பிடித்து நிமிர்த்திக் கேட்பார், "சரியா இருக்காடா?" கை உள்ளே எங்கே இருக்கிறது என்றே தெரியாத சட்டைக்குள் நின்றுகொண்டு அவர் சொல்லுவார், "சரியா இருக்குப்பா."

இதை எதற்கு இப்போது நினைக்கிறோம்? அப்பா கஷ்டப்பட்டவர், வேறு என்ன செய்வார். அதற்கும் ராமுக்கும் என்ன சம்பந்தம். சம்பந்தம் இல்லாததை நினைக்கிற மூளையை அவர் வைதார். பொறியாளர் மூளை இப்படியா அலையும்? அவர் குடிநீர்த் திட்ட அலுவலகத்தில் பொறியாளர், ஒரு ஊருக்குக் குழாய் போடுகிறபோது இன்றைக்கு இருக்கிற ஜனத்துக்குப் போடுவதில்லை, முப்பது வருஷம் கழித்து அங்கே எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்குப் போட்டு அதற்குத்தான் போடுவார்கள். விதியே அப்படி. விதிக்கு மேலேயும் அவர் கொஞ்சம் சேர்த்துப் போடுவார், கூட இருந்தால் என்ன தப்பு. ஒரே ஒரு ஊரில் தப்பாகிப்போனது. அவர் கணக்குப் போட்ட ஜனம் பிறக்கவில்லை, பிறந்த ஜனமும் திருப்பூர் பக்கம் போய்விட்டது. மிச்சமிருந்தவர்களுக்கு அந்தப் பெரிய குழாயில் தண்ணீர் மெதுவாக, கோயில் யானை நடக்கிற மாதிரி நடந்து வந்தது. வேகமில்லாத தண்ணீரில் மண் படியும். படிந்தது. ஒரு பெண்மணி குடத்தை அலுவலகத்துக்கே தூக்கி வந்து அவர் மேசைமேல் வைத்தாள், அடியில் விரல்கடை சேறு. "எங்களுக்குன்னு போட்டீங்களா சார், வரப்போறவங்களுக்குன்னு போட்டீங்களா?" பதிலுக்கு அவர் ஏதோ விதி எண் சொன்னார். குழாயைக் கழுவிவிட ஆள் அனுப்பினார். ஆனால் அந்தக் கேள்வியை அவள் குடத்தோடு திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை, இத்தனை நாள் கழித்து இந்தக் கடையில், இந்த ஏசிக்கடியில், அவர் மடிமேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. எரிச்சலாக இருந்தது. நல்லது நினைத்துச் செய்கிறவனைத்தான் எல்லாரும் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்பார்கள். ஒன்றும் யோசிக்காமல் இருக்கிறவனை யார் என்ன கேட்கிறார்கள்?

கண்ணாடிக்கு வெளியே சம்யு நின்றிருந்தாள். கடைப் பெயர்ப்பலகையின் நிழலில், ஒரு காலைச் சுவரில் ஊன்றி, போனைக் காதில் வைத்து, பாதி முகம் மட்டும் தெரிய. மோவாயில் அந்தத் தழும்பு இங்கிருந்து தெரியாது, ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஆறாவது படிக்கும்போது சைக்கிள் வாங்கிக் கொடுத்தார், அவள் பன்னிரண்டாவதில் எவ்வளவு உயரம் இருப்பாளோ அவ்வளவு உயர சைக்கிள். சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கியும் கால் எட்டவில்லை. நுனிவிரலால் எட்டி எட்டி மிதித்தாள், மூன்றாவது நாள் தெருமுனையில் நிறுத்தத் தெரியாமல் விழுந்து மோவாய் பிளந்தது. தையல் போடும்போது அவள் அழவில்லை. திரும்பி வருகிற வழியில்தான் சொன்னாள், "அடுத்த வருஷம் எட்டிரும்ப்பா." சமாதானம் யார் யாருக்குச் சொல்வது பாருங்கள். உண்மையில் கால் எட்டிய வருஷம் அவள் டியூஷனுக்கு வேனில் போக ஆரம்பித்திருந்தாள், சைக்கிள் மாடிக்குப் போய்க் கம்பியில் சாய்ந்து நின்றது. அந்தக் கம்பிகளின் அடியில்தான் அவள் உடைந்த பக்கெட்டிலும் பெயிண்ட் டப்பாவிலும் மண் போட்டு என்னென்னவோ வளர்ப்பாள். பாகற்கொடியைக் கம்பிமேல் ஏற்றிவிட்டிருந்தாள். தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கம்பி துருப்பிடிக்கிறது, மேல்மாடி தாங்காது என்று அவர் சத்தம் போட்டார். "அதுக்குப் பிடிச்சுக்க ஏதாவது வேணும்ப்பா" என்றாள். கொடிக்கு. அவர் பாட்டுக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் காய்த்த பாகற்காயை மட்டும் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார்.

இப்போது அவள் துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்தாள். தூசியா? ரோட்டில் தூசிதான். யாரிடம் பேசுகிறாள்? பையனா? ஊரைவிட்டுப் போக மனசில்லை என்றால் ஊரில் யாரோ இருக்கிறான் என்றுதானே அர்த்தம். பையனாகத்தான் இருக்கும், பாட்டனி கீட்டனி எல்லாம் சும்மா. அவனுடைய அப்பா யாராக இருக்கும்? இப்படி அவர் அந்த இல்லாத பையனுக்கு மீசை வைத்து, பைக் கொடுத்து, பெயர் வைக்கப்போகிற சமயத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பூங்கோதை.

"எங்க இருக்கீங்க?"

"கடையிலதான்."

"புள்ள அரைமணியா எங்கிட்ட போன்ல அழுவுறா, அவள ஹோல்டுல வச்சிட்டுத்தான் கூப்புடறேன். நீங்க உள்ள உக்காந்து என்ன பண்றீங்க?"

"ராம் பாத்துட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசிலடித்தது. "நல்லாப் பாருங்க," என்றாள் பூங்கோதை. "அவ போமாட்டேன்னு சொல்லலீங்க. சொல்லியிருந்தா நீங்க கத்துவீங்க, அவளும் கத்துவா, ஒரு வழியா முடிஞ்சிரும். போய்த்தான் ஆகணுமான்னு கேக்குறா. காலைல பஸ்ல உங்ககிட்டயும் கேட்டாளாமே. என்ன சொன்னீங்க?"

கூட்டம் இருக்காது என்று சொன்னேன் என்று எப்படிச் சொல்வது?

"ஞாயித்துக்கிழம அவள பஸ் ஏத்திவிடப் போறது நீங்க. அதுக்குள்ள ஒருவாட்டி அவ மூஞ்சியப் பாத்துப் பேசுங்க. நான் வச்சிடறேன், குழம்பு அடிபிடிக்குது."

வைத்துவிட்டாள். வெளியேயும் சம்யு போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். பையன் போய்விட்டான், மீசையோடும் பைக்கோடும். அவன் இருந்திருந்தால் தேவலை என்று ஒரு நொடி தோன்றியதுதான் தில்லைநாயகத்துக்குப் பெரிய அவமானமாக இருந்தது, அவனை வைது தீர்த்திருக்கலாம். இப்போது வைவதற்கு யார் இருக்கிறார்கள், தடியன் லேப்டாப்பைத் தவிர? நான் என்ன கொடுமைக்காரனா? நான் ஒன்றும் அவளைக் கிணற்றில் தள்ளவில்லை. ஐந்து வருஷம் என்ன ஐம்பது வருஷமா? படித்து முடித்தால் அவள் காலில் அவள் நிற்பாள், அன்றைக்குத் திரும்பிப் பார்த்து அப்பா அன்னைக்கு விடாம இருந்தாரு என்பாள். என்பாளா? அவருடைய அப்பாவைப் பற்றி அவர் அப்படி எப்போதாவது சொல்லியிருக்கிறாரா? டெய்லர் கடைக்கு வெளியே நின்று எத்தனை தரம் நினைத்திருப்பார், ஒருதரம், ஒரே ஒருதரம், இந்த வருஷத்து உடம்புக்கு ஒரு சட்டை. வாய்விட்டுக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அப்பா என்ன சொல்லியிருப்பார்? சீக்கிரம் போனால் கூட்டம் இருக்காது என்று சொல்லியிருப்பார். சரி, அவள் உள்ளே வரட்டும், கேட்டுவிடுவோம். என்னவென்று கேட்பது? 'உனக்கு இஷ்டமில்லையா' என்றால் குற்றம் சாட்டுகிற மாதிரி இருக்கும். 'உன் விருப்பம்' என்றால் கைகழுவுகிற மாதிரி இருக்கும். 'இப்ப உனக்கு என்ன வேணும்?' இது பரவாயில்லை. இது சின்னதாக இருக்கிறது. இப்ப உனக்கு என்ன வேணும். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். இந்த வாயில் அது பழக்கமே இல்லாத சொல்லாக, புதுச் செருப்பு மாதிரி கடித்தது. வீட்டுக் கம்பி, வேலைக் குழாய், சைக்கிள், எதற்கும் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. கேட்டால் மேல்மாடி? மேல்மாடி என்ன ஆகும்? வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறதே, அவர்களிடம் என்ன சொல்வது? கம்பியை அறுத்துவிட வேண்டியதுதானா? அறுத்தால் பாகற்கொடி எதைப் பிடித்துக்கொள்ளும்?

கதவு திறந்து வெயிலின் சூடு ஒரு அலை உள்ளே வந்தது, பின்னாலேயே சம்யு வந்தாள். முகத்தைக் கழுவியிருந்தாள், எங்கே தண்ணீர் கிடைத்ததோ, பக்கத்து டீக்கடையாக இருக்கும், முன்நெற்றி முடி நனைந்து ஒட்டிக்கிடந்தது. அவர் வாயைத் திறந்தார். அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, நீங்க சொன்னதே வாங்கிருங்க. பெருசு. பத்து வருஷம் வர்றது." குரல் தெளிவாக, ஒப்பிப்பதைப் போல இருந்தது. "நான் சும்மாத்தான் கேட்டேன் காலைல. அஞ்சு வருஷம்தானே, போயிடும். நான் போறேன்ப்பா."

ஷர்மிளா சட்டென்று வந்து நின்றாள், வியாபாரம் கனிகிற வாசனை விற்கிறவர்களுக்குத் தெரியும். "சூப்பர் மேடம், ஃபியூச்சருக்கு இதுதான் கரெக்ட்டு. பையில வெச்சுப் பாருங்க, கூடவே ஃப்ரீயா பை வருது." தடியனை மூடி, ஒரு பெரிய கறுப்புப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்து, அவளே சம்யுவின் தோளில் மாட்டிவிட்டாள். பட்டை நீளம். பை சம்யுவின் முதுகைத் தாண்டி இடுப்புக்குக் கீழே இறங்கித் தொங்கியது. கனத்துக்கு ஒரு தோள் சரிந்தது, அவள் சரிந்த தோளை மேலே ஏற்றிக்கொண்டு நேராக நிற்கப் பார்த்தாள்.

தில்லைநாயகம் வைத்திருந்த கேள்வியைக் கேட்கத்தான் வாயெடுத்தார். அதற்குப் பதில் பழக்கதோஷத்தில் வேறொன்று வெளியே வந்தது, அவருடைய குரலே இல்லை அது.

"சரியா இருக்காம்மா?"

"சரியா இருக்குப்பா," என்றாள் சம்யு.

ஜெயித்துவிட்டார். பஸ்ஸிலிருந்து, இல்லை, நோட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து நடந்த சண்டையில் மொத்தமாக ஜெயித்துவிட்டார். டெய்லர் கடைக் கண்ணாடிக்கு முன்னால், கைகள் எங்கே என்றே தெரியாத சட்டைக்குள் நின்று அதே குரலில் அதே சொல்லைச் சொன்ன பையனை அவர் பார்த்தார். அந்தப் பையன் அன்றைக்குப் பொய் சொன்னான் என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. இவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தபின் என்ன செய்வது என்று மட்டும் ஒன்றும் தெரியவில்லை, ஒரு மாதம் யூடியூப் பார்த்தும் தெரியவில்லை. எழுந்து போய் அவள் தோளிலிருந்து பையைக் கழற்றினார். பட்டை அவள் சடையில் மாட்டியது, மெதுவாக எடுத்துவிட்டார். பையை மேசைமேல் வைத்தார்.

"இன்னிக்கு வேண்டாம்மா," என்றார் ஷர்மிளாவிடம்.

"சார்? நாளைக்கு ஆஃபர் இருக்காது சார். ஸ்டாக்கும் இது ஒண்ணுதான்."

"இருக்கட்டும்."

"ராம்தான் பிரச்சினையா சார்? பின்னாடி ஏத்திக்க..."

"அதெல்லாம் வேண்டாம்மா. அளவு பாத்துட்டு வர்றோம்."

"லேப்டாப்புக்கு என்ன சார் அளவு?" என்று அவள் கேட்டது அவர் காதில் விழவில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். சம்யு வெளியே வந்து, அவர் முகத்தைப் பார்த்து, கோபமா என்று புரியாமல், "என்னாச்சுப்பா?" என்றாள். வெயில் சுளீரென்று அடித்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது, அது போகட்டும் என்று காத்திருந்தார். அந்தக் கேள்வி வாய்க்குப் பழகவே இல்லை, இருந்தாலும் கேட்டார்.

"இப்ப உனக்கு என்னம்மா வேணும்?"

அவள் நனைந்த முடியை ஒதுக்கிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவளையும் இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது.